இஜிபிஏ (சர்க்-ஸ்ட்ராஸ்) உடன் ஆஸ்துமா: பல் அறுவைக்கு மயக்க மருந்து ஏற்பாடு எப்படி?

கீழ்த்தாடை | பல், முக அறுவை

மயக்கவியல் சார், மேடம் யாராவது பார்த்துச் சொல்லுங்கள். பெண், 42 வயது, 55 கிலோ. பல வருட ஆஸ்துமா, மூக்கில் பாலிப் (சதை வளர்ச்சி). மூன்று வருடம் முன்பு வலது காலில் ஃபுட் டிராப் (பாதத்தைத் தூக்க முடியாமை) வந்தது, ரத்தத்தில் இயோசினோஃபில் (ஒரு வகை வெள்ளை அணு) ஏறியிருந்தது, நரம்பு பயாப்சிக்குப் பிறகு இஜிபிஏ (இயோசினோஃபில் பெருகி ரத்தக்குழாய்கள் அழலும் நோய்) என்று முடிவு செய்திருக்கிறார்கள். இப்போது பிரெட்னிசோலோன் 7.5 மி.கி., அசாதயோபிரின் (நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து) 100 மி.கி., ஃபார்மோடெரால்-புடசோனைடு இன்ஹேலர் காலை மாலை, மான்டெலுகாஸ்ட், எலும்புத் தேய்வுக்கு வாரம் ஒரு அலென்ட்ரோனேட் 70 மி.கி.

கீழே இரண்டு பக்கமும் ஞானப்பல் எலும்புக்குள் சாய்ந்து புதைந்திருக்கிறது. வலப்பக்கம் அடிக்கடி சீழ் கட்டுகிறது. மேலே இரண்டு வேர்த் துண்டுகள் வேறு. ஒரே தடவையில் முழு மயக்கத்தில் முடிப்பதா, லோக்கலில் (அந்த இடத்தை மட்டும் மரக்கவைக்கும் ஊசியில்) பக்கம் பக்கமாகச் செய்வதா? முழு மயக்கம் என்றால் மூக்கு வழி டியூப் எனக்கு வசதி. லோக்கல் என்றால் 1:80,000 அட்ரினலின் கலந்தது போடலாமா?

உள்மூச்சு | மயக்கவியல்

டியூப்பையும் லோக்கலையும் பிறகு பார்ப்போம் டாக்டர். கேஸ் ஷீட்டில் ஆஸ்துமா என்று முதலில் இருப்பதால் எல்லோர் கவனமும் நெஞ்சுச் சத்தத்திலேயே நின்றுவிடும். இந்த நோயில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் இதயம். இயோசினோஃபில் இதயத் தசைக்குள் புகுந்து அழற்சி உண்டாக்கும், கரோனரிக் குழாய் சுருங்கும், பெரிகார்டியத்தில் நீர் கோர்க்கும், அறைக்குள் ரத்தக்கட்டி தங்கும். படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று நோயாளி சொன்னால் அதையும் ஆஸ்துமா என்றே எழுதிவிடுவோம், ஆபத்து அங்கேதான்.

ஆகவே இசிஜியும் எக்கோவும் இல்லாமல் தேதி குறிக்காதீர்கள். பழைய எக்கோ இருந்தும் புதிதாக மூச்சிரைப்போ படபடப்போ இருந்தால் மறுபடி எடுக்க வேண்டும், கூடவே இதயப் பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளான ட்ரோபோனின், என்டி-ப்ரோபிஎன்பி. எக்கோ சுத்தமாக இருந்தும் சந்தேகம் தீரவில்லை என்றால் இதய எம்ஆர்ஐ. ஆன்கா (இந்த நோய்க்குப் பார்க்கும் ரத்த ஆன்டிபாடி) நெகட்டிவ் என்ற ரிப்போர்ட்டைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். ஆன்கா நெகட்டிவ் ஆனவர்களிடம்தான் இதயப் பாதிப்பு அதிகம். பாசிட்டிவ் ஆனவர்களிடம் நரம்பும் சிறுநீரகமும் அதிகம் அடிபடும்.

அடுத்து நரம்பு. ஃபுட் டிராப் இருந்த காலில் தசை நலிவு உண்டா, கையில் மரத்துப்போகும் இடம் உண்டா, முகத்தில் உணர்வு சரியாக இருக்கிறதா என்று நீங்களே தொட்டுப் பார்த்து எழுதி வையுங்கள். கீழுதடு மரத்திருப்பது ஊசிக்கு முன்பே இருந்ததா, பின்பு வந்ததா என்ற கேள்வி அறுவை முடிந்தபின் எழுந்தால் அந்தக் குறிப்பு ஒன்றுதான் பதில் சொல்லும்.

பரிசோதனையில் கிரியாட்டினின், சிறுநீரில் புரதமும் ரத்த அணுக்களும், பொட்டாசியம், சர்க்கரை, முழு ரத்த எண்ணிக்கை, நெஞ்சு எக்ஸ்ரே, ஸ்பைரோமெட்ரி. பீக் ஃப்ளோ மீட்டர் (ஊதும் வேகத்தை அளக்கும் கருவி) வீட்டில் இருந்தால் ஒரு வாரம் காலை மாலை எழுதிவரச் சொல்லுங்கள். அவருடைய சிறந்த அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே நின்றால் அவசரமில்லாத வேலையைத் தள்ளிப்போடலாம். சளி, காய்ச்சல், வீசிங் ஏதாவது வந்திருந்தால் நான்கு முதல் ஆறு வாரம் பொறுங்கள். தள்ளிப்போட முடியாத நிலையில் நெஞ்சு மருத்துவரிடம் கேட்டு பிரெட்னிசோலோன் 40 மி.கி. ஐந்து நாள் கொடுத்துக் கொண்டுவரலாம்.

மூட்டுவாதம்_ஓபி | ருமட்டாலஜி

மேலே சொன்னது அத்தனையும் சரி. என் பக்கத்திலிருந்து சில.

முதலில் நோய் அடங்கியிருக்கிறதா என்ற கேள்வி. ஜேக்கப் சர்க்கும் லோட்டே ஸ்ட்ராஸும் 1951இல் 13 நோயாளிகளை வைத்து விவரித்தபோதே ஆஸ்துமா, இயோசினோஃபில், ரத்தக்குழாய் அழற்சி மூன்றும் ஒன்றாக வருவதைக் காட்டினார்கள். 2012 சேப்பல் ஹில் மாநாட்டுக்குப் பிறகு இஜிபிஏ என்று பெயர் மாறியது. மூன்றும் ஒரே நேரத்தில் அடங்குவதில்லை. ரத்தக்குழாய் அழற்சி முழுக்கத் தணிந்தும் ஆஸ்துமா பல வருடம் ஸ்டீராய்டை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். அதனால் "வீசிங் இருக்கிறது, நோய் திரும்பிவிட்டது" என்று சொல்ல முடியாது. "வீசிங் இல்லை, நோய் இல்லை" என்றும் சொல்ல முடியாது. புதிதாகக் காய்ச்சல், எடை குறைவு, தோலில் ஊதா நிறத் தடிப்பு, புதிய மரப்பு, வயிற்றுவலி, சிறுநீரில் ரத்தம்: இவற்றில் ஒன்று இருந்தாலும் பல்லைத் தள்ளிவைத்துவிட்டு எங்களிடம் அனுப்புங்கள்.

இயோசினோஃபில் எண்ணிக்கையை வைத்து முடிவெடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மெபோலிசுமாப் 300 மி.கி. நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடுபவர்களிடமும், பென்ராலிசுமாப் போடுபவர்களிடமும் (இரண்டும் இயோசினோஃபிலைக் குறைக்கும் ஊசிகள்) எண்ணிக்கை மிகக் குறைவாகத்தான் இருக்கும். அது மருந்தின் வேலை. நோய் முழுக்க அடங்கியதற்கு அது மட்டும் சாட்சி ஆகாது.

நம் ஊருக்கு இன்னொன்றும் உண்டு. ஆஸ்துமாவும் இயோசினோஃபிலும் சேர்ந்த எல்லாம் சர்க்-ஸ்ட்ராஸ் அல்ல. யானைக்கால் நோய் இருந்த பகுதிகளில் இரவு இருமலும் 3000க்கு மேல் இயோசினோஃபிலும் வந்தால் டிராப்பிக்கல் பல்மொனரி இயோசினோஃபிலியாவை (யானைக்கால் புழுவால் நுரையீரலில் வரும் ஒவ்வாமை) முதலில் யோசிக்க வேண்டும். அதற்கு டைஎத்தில்கார்பமசின் மூன்று வாரம் போதும். ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சைக்கு ஒவ்வாமை இன்னொரு பெரிய கூட்டம். இந்த நோயாளிக்கு நரம்பு பயாப்சி இருப்பதால் சந்தேகம் குறைவு. ஃபைலில் பயாப்சியும் ஆன்காவும் இல்லாமல் பெயர் மட்டும் எழுதி வருபவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆஸ்பர்ஜில்லஸுக்கு இட்ராகோனசோல் சாப்பிடுபவர் புடசோனைடு இன்ஹேலரும் எடுத்தால், அந்த இன்ஹேலர் ஒன்றே (அதுவும் ஸ்டீராய்டுதான்) உடம்பின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினலைத் தூங்கவைத்துவிடும். மாத்திரை ஸ்டீராய்டு இல்லை என்று நீங்கள் எழுதிய நோயாளி மேசையில் பிரஷர் விழுந்து கிடப்பார்.

அசாதயோபிரினை நிறுத்த வேண்டாம். வெள்ளை அணுக்கள் மட்டும் ஒரு வாரத்துக்குள் பார்த்ததாக இருக்கட்டும். சைக்ளோபாஸ்பமைடு பல்ஸ் போடுபவர் என்றால் ஊசிக்குப் பின் 8 முதல் 14 நாளில் அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அந்த இடைவெளியில் பல்லைப் பிடுங்காதீர்கள். நியூட்ரோஃபில் 1000க்கு மேல் ஏறட்டும்.

பல்ஓபி_தெற்கு | பல் மருத்துவம்

லோக்கல் பற்றிய கேள்வி என்னுடையதும்தான். ஆஸ்துமா என்றாலே அட்ரினலின் கலந்த லிக்னோகைன் வேண்டாம் என்று சிலர், அதில் இருக்கும் சல்பைட்தான் பிரச்சினை என்று சிலர். எது சரி?

உள்மூச்சு | மயக்கவியல்

இரண்டையும் பிரித்துப் பார்க்கலாம் மேடம். அட்ரினலின் மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து. ஆஸ்துமாவுக்கு அது பகை அல்ல. அட்ரினலின் கெடாமல் இருக்கச் சேர்க்கும் சோடியம் மெட்டாபைசல்பைட்தான் சிலருக்கு வீசிங் கிளப்பும், அதிலும் ஸ்டீராய்டை நம்பியே வாழும் கடுமையான ஆஸ்துமாக்காரர்களுக்கு. கார்ட்ரிட்ஜில் (ஒரு முறைக்கான ஊசிக்குப்பியில்) உள்ள அளவு சிறியது, பெரும்பாலோர் தாங்குவார்கள். ஆனாலும் கேட்டுவிட வேண்டும்: உலர் பழம், பாட்டில் ஜூஸ், ஒயின் இவற்றில் ஏதாவது சாப்பிட்டு நெஞ்சு இறுகியது உண்டா? உண்டு என்றால் சல்பைட் இல்லாதது. இல்லை என்றால் அட்ரினலின் கலந்தது போடலாம். நம் ஊர் 30 மி.லி. பாட்டிலில் மெத்தில்பாரபென் வேறு இருக்கும், அதனால் ஒவ்வாமை வரலாறு உள்ளவருக்கு ஒற்றை உபயோகக் கார்ட்ரிட்ஜே நல்லது.

இந்த நோயாளியிடம் அட்ரினலின் அளவை நான் கட்டுவது இதயத்துக்காக. எக்கோ சுத்தம் என்றால் கவலை குறைவு. இதயத் தசைப் பாதிப்போ கரோனரிச் சந்தேகமோ இருந்தால் மொத்த அட்ரினலின் 40 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. 1:80,000 என்றால் ஒரு மி.லி.யில் 12.5 மைக்ரோகிராம், ஆக 3.2 மி.லி.யிலேயே வரம்பு முடிந்துவிடும். 1:2,00,000 என்றால் மி.லி.க்கு 5 மைக்ரோகிராம், 8 மி.லி. வரை போகலாம். ஒரு பக்கக் கீழ்த்தாடை பிளாக்குக்கு (நரம்பையே மரக்கவைக்கும் ஊசிக்கு) 1.5 முதல் 2 மி.லி., பக்கல் நரம்புக்கு அரை மி.லி. போதும் என்பதால் 1:2,00,000 தாராளமாக இடம் கொடுக்கும். ஒவ்வொரு முறையும் பின்னிழுத்துப் பார்த்து, ஒரு மி.லி.க்கு ஒரு நிமிடம் என்று மெதுவாகப் போடுங்கள்.

அட்ரினலின் இல்லாத 2% லிக்னோகைன் கிலோவுக்கு 4.5 மி.கி., 55 கிலோவுக்கு சுமார் 247 மி.கி., அதாவது 12 மி.லி. நான் 3 மி.கி. கணக்கில் 8 மி.லி.யோடு நிறுத்திக்கொள்வேன். சிக்கல், அது அரை மணி நேரம்கூட நிற்காது, எலும்பு வெட்டும்போது வலி திரும்பும். வலி திரும்பினால் உடம்பு தானே சுரக்கும் அட்ரினலின் உங்கள் கார்ட்ரிட்ஜைவிட அதிகம். கிடைத்தால் 3% மெபிவகைன் பிளெயின் நல்லது. பிளாக் நீண்டு நிற்க அட்ரினலின் இல்லாத 0.5% புபிவகைன் 2 மி.லி.; அதில் சல்பைட் இல்லை, மரப்பு பல மணி நேரம் நிற்கும். பிரிலோகைன்-ஃபெலிப்ரெஸின் சல்பைட் இல்லாததுதான், ஆனால் ஃபெலிப்ரெஸின் பெரிய அளவில் கரோனரியைச் சுருக்கும், இதயம் பாதித்தவருக்கு அதுவும் அளவோடுதான்.

ஒரு விஷயத்தில் குழப்பம் வேண்டாம். அவசர மருந்தாக வைத்திருக்கும் அட்ரினலின் ஆம்பூலிலும் சல்பைட் இருக்கக்கூடும். அனஃபிலாக்ஸிஸ் வந்தால் சல்பைட் ஒவ்வாமை உள்ளவருக்கும் அதே அட்ரினலின் 0.5 மி.கி. தொடையில் போட வேண்டும். அதைத் தடுத்துவைக்கக் காரணமே கிடையாது.

கீழ்த்தாடை | பல், முக அறுவை

அப்படியென்றால் பக்கம் பக்கமாக லோக்கல்தான் உங்கள் ஆலோசனையா சார்? நோயாளி பயந்த சுபாவம். இரண்டு தடவை வரவைக்க மனசில்லை. மேலும் எலும்பு ஆழம், ஒரு பக்கத்துக்கே ஒரு மணி நேரம் போகும்.

உள்மூச்சு | மயக்கவியல்

ஆமாம், லோக்கல்தான். மூச்சுக்குழாய்க்குள் எதையும் நுழைக்காத வழி ஒன்று இருக்கும்போது இவருக்கு அதுவே பாதுகாப்பு. இரண்டு பக்கமும் ஒன்றாக பிளாக் போட்டால் நாக்கு, உதடு மொத்தமும் மரத்து, துப்பவும் விழுங்கவும் தடுமாறுவார். இருமல் வலுவிழந்தால் ரத்தம் உள்ளே போகும். வலப்பக்கம் முதலில், அதோடு வலது மேல் வேர். மூன்று, நான்கு வாரம் கழித்து இடது.

பயத்துக்கு மிடசோலம் 1 மி.கி., தேவைப்பட்டால் இன்னொரு 1 மி.கி. நேசல் பிராங்கில் (மூக்குக் குழாயில்) ஆக்ஸிஜன், வெளிமூச்சின் கார்பன் டைஆக்சைடை அளக்கும் ஈடிசிஓ2 லைன், நாற்காலி முழுக்கச் சாயாமல் 30-40 டிகிரி. படுக்கவைத்தால் மூக்கடைப்பும் ஆஸ்துமாவும் சேர்ந்து மூச்சு முட்டும், அதைப் பதற்றம் என்று நினைத்து இன்னும் மயக்கம் கொடுத்துவிடுவோம். நைட்ரஸ் ஆக்சைடு ஆஸ்துமாவுக்கு ஆகும், ஆனால் மூக்கில் பாலிப் இருப்பவருக்கு மூக்கு மாஸ்க் எங்கே வேலை செய்யும்? மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுபவர் என்றால் நைட்ரஸைத் தவிர்ப்பேன், இரண்டும் ஃபோலேட் வழியையே அடைக்கும்.

காலை முதல் கேஸாக வையுங்கள். இன்ஹேலர் வழக்கம்போல், மான்டெலுகாஸ்ட் வழக்கம்போல், ஊசிக்கு 20 நிமிடம் முன் சல்புடமால் ஸ்பேசர் வழியாக நான்கு பஃப். லேடெக்ஸ் இல்லாத கையுறை, ரப்பர் டேமும் லேடெக்ஸ் இல்லாதது. பல்செட் செய்யும் அக்ரிலிக் மோனோமர் வாசனை அடிக்கும் அறையில் உட்காரவைக்காதீர்கள்.

தியேட்டர்_2 | மயக்கவியல்

ஸ்டீராய்டு கவர் (அறுவையின்போது கொடுக்கும் கூடுதல் ஸ்டீராய்டு) யாரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன்.

பிரெட்னிசோலோன் 5 மி.கி. அல்லது அதற்கு மேல் நான்கு வாரத்துக்கு மேல் சாப்பிடுபவர் என்றால் அட்ரினல் தூங்கிவிட்டதாகவே எடுத்துக்கொள்வோம். 7.5 மி.கி. இந்த வரம்புக்கு உள்ளே வருகிறது. லோக்கலில் செய்தால் காலை டோஸை விடாமல் சாப்பிட்டு, ஊசிக்கு ஒரு மணி நேரம் முன் இன்னொரு டோஸ், அன்று முழுக்க இருமடங்கு, மறுநாள் பழைய அளவு. முழு மயக்கம் என்றால் இண்டக்‌ஷனில் (மயக்கம் தொடங்கும்போது) ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மி.கி., பிறகு 24 மணி நேரத்துக்கு 200 மி.கி. இன்ஃப்யூஷன், வாய் வழி சாப்பிட ஆரம்பித்ததும் 48 மணி நேரம் இருமடங்கு மாத்திரை. வீக்கத்துக்காக டெக்ஸாமெதசோன் 8 மி.கி. எப்படியும் போடுவீர்கள் என்றால் அதுவே 24 மணி நேரத்துக்கு ஸ்டீராய்டு கவராகவும் நிற்கும், தனியாக ஹைட்ரோகார்ட்டிசோன் தேவையில்லை. சர்க்கரை மட்டும் நான்கு மணிக்கொருமுறை பாருங்கள். மயக்க மருந்தான எடோமிடேட் தொடவேண்டாம், ஒற்றை டோஸே அட்ரினலை முடக்கும்.

திரவம் கொடுத்தும், எபிட்ரின் கொடுத்தும் பிரஷர் ஏறவில்லை என்றால் அனஃபிலாக்ஸிஸ், இதயம் இரண்டோடும் மூன்றாவதாக அட்ரினலை நினைத்து ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மி.கி. உடனே போடுங்கள். அதனால் யாருக்கும் கெடுதல் வராது.

கீழ்த்தாடை | பல், முக அறுவை

நன்றி. லோக்கல் தோற்றுப்போனாலோ, நோயாளி ஒத்துழைக்காமல் போனாலோ முழு மயக்கம் என்ற மாற்று வழியும் தயாராக இருக்கவேண்டும். அதையும் சொல்லிவிடுங்கள். மூக்கு வழி டியூப்?

தியேட்டர்_2 | மயக்கவியல்

மூக்கு வழி வேண்டாம் டாக்டர். உங்களுக்கு வாய் காலியாக இருப்பது வசதிதான், புரிகிறது. ஆனால் பாலிப் நிறைந்த மூக்கில் 6.5 டியூப்பை அழுத்தினால் ரத்தம் கொட்டும், பாலிப் துண்டே கிழிந்து டியூப் முனையில் ஒட்டி உள்ளே போகும். குரல்வளைக்கு வரும் ரத்தம் ஆஸ்துமா மூச்சுக்குழாயை இறுக்கப் போதுமான காரணம். ஞானப்பல்லுக்கு வாய் வழி சவுத் ரே (கீழ்நோக்கி வளைந்த டியூப்) 7.0 அல்லது கம்பிச்சுருள் டியூப் போதும். வேலை செய்யாத பக்கத்துக் கடைவாயில் ஒதுக்கிவிடலாம், பக்கம் மாறும்போது நாங்கள் மாற்றித் தருகிறோம்.

உள்மூச்சு | மயக்கவியல்

இதில் சின்ன மாறுபாடு. பாலிப் அறுவை முன்பே செய்து, சைனஸ் சிடியில் ஒரு பக்கம் திறந்திருந்தால், சைலோமெட்டசோலின் சொட்டு விட்டு, வெதுவெதுப்பான நீரில் மென்மையாக்கிய டியூப்பை ஃபைபர் ஸ்கோப் மேல் ஏற்றலாம். எலும்பு முறிவு, தாடை கட்டும் கேஸுக்கு அது தேவைப்படும். இரண்டு ஞானப்பல்லுக்கு தேவையில்லை என்பதில் தியேட்டர்_2 சொல்வதே சரி.

சுருக்கமான வேலைக்கு ஃப்ளெக்ஸிபிள் எல்எம்ஏ (குரல்வளைக்கு மேலேயே உட்காரும் மாஸ்க்) போட்டால் மூச்சுக்குழாய் உறுத்தல் குறைவு. ஆனால் வாயில் ரத்தமும் துளைக்கும் நீரும் ஓடும் ஒரு மணி நேர வேலைக்கு, இந்த நெஞ்சுக்கு, நான் டியூப்பையே நம்புவேன்.

தியேட்டர்_2 | மயக்கவியல்

மருந்து வரிசை எழுதிவிடுகிறேன், 55 கிலோவுக்கு.

மேசைக்கு வருமுன் சல்புடமால் 2.5 மி.கி., இப்ராட்ரோபியம் 0.5 மி.கி. நெபுலைஸர். ஃபென்டனில் 100 மைக்ரோகிராம். டியூப் போடுவதற்கு 90 விநாடி முன் லிக்னோகைன் சிரைவழி 1.5 மி.கி./கிலோ, சுமார் 80 மி.கி.; பிறகு சர்ஜன் போடும் லோக்கலின் கணக்கில் இதையும் கழித்துவிட வேண்டும், பலரும் மறப்பது இதுதான். புரோபோஃபால் 2 முதல் 2.5 மி.கி./கிலோ. லேபிள் பார்த்து எடுங்கள்: சில தயாரிப்புகளில் பாதுகாப்பானாக மெட்டாபைசல்பைட் இருக்கும். இதயம் நன்றாக இருந்து நெஞ்சு இறுக்கம் இருந்தால் கெட்டமின் 1.5 மி.கி./கிலோ நல்ல துணை. தயோபென்டோன் வேண்டாம்.

தசைத் தளர்த்திக்கு வெக்குரோனியம் 0.1 மி.கி./கிலோ அல்லது ரோகுரோனியம் 0.6 மி.கி./கிலோ. அட்ராகுரியம் ஹிஸ்டமைனை அவிழ்க்கும், தவிர்க்கலாம். சக்ஸாமெத்தோனியம் என்ற தளர்த்தி இவருக்கு வேண்டவே வேண்டாம். நரம்பறுந்த தசையிலிருந்து பொட்டாசியம் கொட்டி இதயம் நின்றுவிடக்கூடும். சைக்ளோபாஸ்பமைடு சாப்பிட்டவர் என்றால் அதைச் சிதைக்கும் கோலினெஸ்டரேஸ் என்சைம் குறைந்து தளர்ச்சியும் நீண்டு நிற்கும். தளர்ச்சியை அளக்கும் நரம்புத் தூண்டியை ஃபுட் டிராப் உள்ள காலில் வைக்காதீர்கள், பாதித்த தசை தவறான கணக்குக் காட்டும். நன்றாக இருக்கும் கையில் வையுங்கள்.

ஆழமாகத் தூங்கும் முன் லாரிங்கோஸ்கோப் வாய்க்குள் போகக்கூடாது. வீசிங் வரும் கேஸ்களில் பெரும்பாலும் காரணம் மருந்தல்ல, மயக்கம் ஆழமாகாமல் டியூப் தொட்டதுதான். பராமரிப்புக்கு செவோஃப்ளூரேன். டெஸ்ஃப்ளூரேன் மூச்சுக்குழாயை உறுத்தும். வென்டிலேட்டரில் 6-8 மி.லி./கிலோ, நிமிடத்துக்கு 8-10 மூச்சு, உள்-வெளி விகிதம் 1:3 அல்லது 1:4. கேப்னோகிராம் (கார்பன் டைஆக்சைடு வரைபடம்) சுறாத்துடுப்பாக மேலேறினால் மூச்சு வெளியேறவில்லை என்று பொருள்.

படுக்கை நிலையையும் விடாதீர்கள். முழங்கால் வெளிப்புறத்தில் பெரோனியல் நரம்பு, முழங்கையில் உல்நார், இரண்டுக்கும் தடித்த ஜெல் பேட். ஏற்கெனவே நோய் தின்ற நரம்பு சின்ன அழுத்தத்தையும் தாங்காது.

பல்ஓபி_தெற்கு | பல் மருத்துவம்

மேசையில் வீசிங் வந்தால்?

உள்மூச்சு | மயக்கவியல்

சர்ஜனை நிறுத்தச் சொல்லி, வாயிலிருந்து எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லுங்கள். 100% ஆக்ஸிஜன், கையால் பேக் அழுத்திப் பாருங்கள். மருந்துக்கு ஓடும் முன் டியூப்: வாயைத் திறந்து பிடிக்கும் மவுத் காக்கோ, தொண்டையில் அடைக்கும் துணியான த்ரோட் பேக்கோ மடக்கியிருக்கிறதா, தலையைத் திருப்பியதில் வலது பிராங்கஸுக்குள் இறங்கிவிட்டதா, பல் துண்டு உள்ளே போனதா? பல் அறுவையில் திடீர் வீசிங் ஒரு பக்கம் மட்டும் கேட்டால், பிடுங்கிய பல்லின் துண்டுகளை எண்ணி வையுங்கள். கணக்கு உதைத்தால் எக்ஸ்ரே, பிராங்கோஸ்கோப்.

டியூப் சரி என்றால் செவோவை ஏற்றி ஆழப்படுத்தி, கூடவே புரோபோஃபால் 30-50 மி.கி. சல்புடமால் இன்ஹேலரை சர்க்யூட்டில் அடாப்டர் வைத்து 8-10 பஃப். டியூப் சுவரில் பாதிக்கு மேல் ஒட்டிவிடும், அதனால்தான் இத்தனை. மெக்னீசியம் 2 கிராம் 20 நிமிடத்தில் (தளர்த்தி நீளும், நினைவிருக்கட்டும்). ஹைட்ரோகார்ட்டிசோன் 200 மி.கி. பேக் கல்லாகிவிட்டால் அட்ரினலின் 10-20 மைக்ரோகிராம் சிரைவழி, விளைவு பார்த்து மறுபடி.

வீசிங்குடன் பிரஷரும் விழுந்தால் சர்க்யூட்டை டியூப்பிலிருந்து சில விநாடி கழற்றுங்கள். அடைபட்ட காற்று வெளியேறி பிரஷர் ஏறினால் காரணம் தெரிந்துவிட்டது. ஏறவில்லை என்றால் அனஃபிலாக்ஸிஸ், நியூமோதோராக்ஸ், இந்த நோயாளியிடம் கரோனரி இறுக்கமும். இசிஜியில் எஸ்டி மாற்றத்தைப் பார்க்காமல் அட்ரினலினை மட்டும் ஏற்றிக்கொண்டே போகக்கூடாது.

தியேட்டர்_2 | மயக்கவியல்

வெளியேற்றத்தில் ஒரு கருத்து. ஆழ்ந்த மயக்கத்தில் டியூப்பை எடுத்தால் இருமல் வராது என்று பலர் செய்வார்கள். வாயில் ரத்தம் கசியும் கேஸில் அது தப்பு. த்ரோட் பேக் வெளியே வந்ததை நர்ஸ் சத்தமாகச் சொல்லி போர்டில் அடித்த பிறகு, லாரிங்கோஸ்கோப் போட்டுப் பார்த்தபடி சக்‌ஷன், அண்ணத்துக்குப் பின்னால் தேங்கும் கட்டியையும் எடுத்து, லிக்னோகைன் 1 மி.கி./கிலோ கொடுத்து, விழித்தபின் எடுங்கள். ரோகுரோனியம், வெக்குரோனியம் என்றால் தளர்ச்சியை நீக்க சுகமாடெக்ஸ் 2 மி.கி./கிலோ, 110 மி.கி. நியோஸ்டிக்மின்தான் கையில் இருக்கிறது என்றால் 2.5 மி.கி.யோடு கிளைகோபைரோலேட் 0.5 மி.கி. சேர்த்தே, மெதுவாக, சல்புடமால் அடித்த பிறகு. சுகமாடெக்ஸும் அரிதாக ஒவ்வாமை உண்டாக்கும், போட்டுவிட்டு உடனே நகர்ந்துவிடாதீர்கள்.

மூட்டுவாதம்_ஓபி | ருமட்டாலஜி

வலி மாத்திரை பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. நோயாளிகள் உண்மையில் வந்து விழுவது அங்கேதான். தியேட்டரில் எல்லாம் கவனமாக முடிந்திருக்கும். மாலையில் டிஸ்சார்ஜ் சீட்டில் பழக்கத்தில் கீட்டோரோலாக் 10 மி.கி.யோ அசிக்ளோஃபெனாக்-பாராசிட்டமாலோ எழுதப்பட்டிருக்கும். பாலிப், சைனஸ், ஆஸ்துமா மூன்றும் சேர்ந்தவர் ஆஸ்பிரின் வகைக்கு இறுகும் ஆளா என்று முன்பே கேட்டிருக்க வேண்டும். "தலைவலி மாத்திரை போட்டு மூக்கு ஒழுகி மூச்சு முட்டியது உண்டா?" என்று கேட்டால் நோயாளிக்குப் புரியும். இதற்குமுன் பயமில்லாமல் சாப்பிட்ட வரலாறு தெளிவாக இல்லை என்றால் அந்தக் குடும்பமே வேண்டாம். சிறுநீரகப் பாதிப்பு இருந்தால் வரலாறு தெளிவாக இருந்தாலும் வேண்டாம்.

பாராசிட்டமால் 500 அல்லது 650 மி.கி. ஆறு மணிக்கொருமுறை. ஆஸ்பிரினுக்கு இறுகுபவர்களில் சிலர் ஒரே தடவையில் 1000 மி.கி. போட்டாலும் இறுகுவார்கள், அதனால் 650ஐத் தாண்டாதீர்கள். போதாவிட்டால் டிரமடால் 50 மி.கி. எட்டோரிகாக்ஸிப் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும், ஆனால் முதல் மாத்திரையை வீட்டில் தனியாகச் சாப்பிடவிடாமல் கண்காணிப்பில் கொடுக்க வேண்டும். புபிவகைன் பிளாக் நல்லபடி விழுந்திருந்தால் முதல் இரவின் பாதி அதிலேயே கழிந்துவிடும்.

ஆன்டிபயாட்டிக்கிலும் கவனம்: மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுபவருக்கு அமோக்ஸிசிலின் கொடுத்தால் மெத்தோட்ரெக்ஸேட் வெளியேறுவது குறையும். தியோஃபிலின் சாப்பிடுபவருக்கு சிப்ரோஃப்ளாக்ஸசினோ எரித்ரோமைசினோ கொடுத்தால் தியோஃபிலின் நஞ்சாகும்.

பல்ஓபி_தெற்கு | பல் மருத்துவம்

ரத்தம் நிற்க டிரனெக்ஸாமிக் அமில ஊசி போடலாமா?

மூட்டுவாதம்_ஓபி | ருமட்டாலஜி

நோய் தீவிரமாக இருக்கும்போது சிரையில் ரத்தம் உறையும் ஆபத்து இவர்களுக்கு அதிகம். ஊசிக்குப் பதில் 500 மி.கி. மாத்திரையைப் பொடித்து நீரில் குழைத்து காஸில் நனைத்து 20-30 நிமிடம் கடித்திருக்கச் சொல்லுங்கள், அல்லது 5% கரைசலில் வாய் கொப்பளிப்பு. தையல், ஜெல்ஃபோம், அழுத்தம் இவையே முதலில்.

கீழ்த்தாடை | பல், முக அறுவை

அலென்ட்ரோனேட் விஷயத்தை நானே எழுதிவிடுகிறேன், இது என் துறை. ஸ்டீராய்டு எலும்பை அரிப்பதால் இந்த நோயாளிகளில் பலர் இதைச் சாப்பிடுகிறார்கள். மருந்துப் பட்டியலில் "சத்து மாத்திரை" என்று சொல்லிக் கடந்துவிடுவார்கள். பிடுங்கிய குழி ஆறாமல் தாடை எலும்பு வெளியே தெரியும் நிலை மாத்திரை வடிவில் அரிது, ஸ்டீராய்டு சேர்ந்தால் கூடும், ஜோலெட்ரானிக் ஊசி என்றால் இன்னும். மாத்திரையை முன்கூட்டி நிறுத்துவதால் பலன் என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட முடிவு இல்லை, ஆகவே தானாக நிறுத்தமாட்டேன், ருமட்டாலஜியோடு பேசி முடிவெடுப்பேன். எலும்பை முடிந்தவரை குறைவாக வெட்டி, பல்லை இரண்டாகப் பிளந்து எடுத்து, கூரிய விளிம்பைத் தேய்த்து, ஈறை இழுத்து மூடித் தைப்பேன். முந்தைய நாளிலிருந்து குளோர்ஹெக்ஸிடின் 0.2% கொப்பளிப்பு.

எக்கோ அடுத்த வாரம். திட்டம்: வலப்பக்கம் முதலில், 1:2,00,000 அட்ரினலினோடு 2% லிக்னோகைன், முடிவில் புபிவகைன் 2 மி.லி.; காலை டோஸுடன் கூடுதல் பிரெட்னிசோலோன், சல்புடமால் நான்கு பஃப், மயக்கவியல் ஆள் அறையில், ரோகுரோனியமும் சுகமாடெக்ஸும் தட்டில். சல்பைட், ஆஸ்பிரின் வரலாறு இரண்டும் நாளை கேட்டு எழுதுகிறேன்.

உள்மூச்சு | மயக்கவியல்

ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள் டாக்டர். லிக்னோகைனும் புபிவகைனும் ஒரே கணக்கில் சேரும், 5 மி.லி. லிக்னோகைன் போட்டிருந்தால் 100 மி.கி., அதன் மேல் 0.5% புபிவகைன் 2 மி.லி. 10 மி.கி. இவருக்கு இது வரம்புக்குள் இருக்கிறது. பிளாக் தோற்று மறுபடி போட நேர்ந்தால் மூன்றாவது ஊசிக்கு முன் மொத்தத்தைக் கூட்டிப் பார்த்துவிடுங்கள். லோக்கல் மருந்து ரத்தத்தில் ஏறி நஞ்சானால் கொடுக்கும் 20% லிப்பிட் எமல்ஷன் 100 மி.லி. அந்த அறையிலேயே இருக்கட்டும், பார்மசியில் இருந்தால் போதாது. முதல் டோஸ் கிலோவுக்கு 1.5 மி.லி., இவருக்கு 82 மி.லி. இரண்டு, மூன்று நிமிடத்தில். தொடர்ந்து ஓடவிட இன்னும் இரண்டு பாட்டில் கைக்கெட்டும் தூரத்தில்.

தியேட்டர்_2 | மயக்கவியல்

அன்று மாலை ஆறு மணி வரை வார்டில் வைத்திருங்கள். பீக் ஃப்ளோ காலையில் இருந்த அளவுக்குத் திரும்பி, ஒரு டம்ளர் கஞ்சி குடித்து வாந்தி இல்லை என்றால் வீட்டுக்கு. வாந்தி வந்தால் பிரெட்னிசோலோன் உள்ளே நிற்காது, அன்று இரவு ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசிக்கு வார்டிலேயே இருக்க வேண்டும்.